கழிக்கப்பட்ட நேரம்

செந்தூல் தமிழ்ப்பள்ளி நூலகத்தில்
ஒரு வாரம் எங்கள் தராசு குடியிருந்தது.
காலணி கழற்று, காலுறை கழற்று,
பையில் இருக்கும் சில்லறையை மேசையில் வை.
சிலர் அதை ஒருமுறை எண்ணிவிட்டு
என்னையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

லோஷினி, ஐந்தாம் ஆண்டு முல்லை.
ஏறும் முன்பே மூச்சை உள்ளே இழுத்தாள்.
மூச்சுக்கு எடை இல்லம்மா என்றேன்.
"தெரியும் டீச்சர். பின்னாடி பயலுங்க எட்டிப் பாக்கறாங்க."
நான் டீச்சர் இல்லை.
தடுப்புத் துணியை இன்னும் ஒரு சாண் இழுத்துவிட்டேன்.
ஐம்பத்தெட்டுப் புள்ளி நான்கு.
எண்ணை வாயால் சொல்லக்கூடாது என்பது விதி.
பென்சில் எத்தனை கீறல் கீறுகிறது என்று
காது கொடுத்து நிற்கிறார்கள் பிள்ளைகள்.

அடுத்தது, நேற்றுச் சாப்பிட்டவை.
என்னிடம் பிளாஸ்டிக் சோறு, மூன்று அளவுக் கரண்டி,
கோடு போட்ட கோப்பை.
காலையில்? ஒன்றுமில்லை.
ஓய்வு நேரத்தில்? சிரப் தண்ணீர், ஒரு ரிங்கிட் மீகூன்.
மதியம்? நாசி லெமாக்.
மாலையில்? நாசி லெமாக்.
இரவுக்குச் சிரித்தாள்.
எத்தனை பொட்டலம்?
"எத்தனை மீந்துச்சோ அத்தனை."

படிவத்தில் அப்படியோர் அளவு கிடையாது.
தேங்காய்ப்பால் சோறு கிராமில், நெத்திலி கிராமில்,
சம்பல் தேக்கரண்டியில்.
மீந்ததை எந்தக் கரண்டியால் அள்ள?

இடுப்பில் கட்ட ஆளுக்கொரு கருவி கொடுத்தோம்,
தீப்பெட்டி அளவு, சிவப்புப் பட்டை, ஏழு நாள்.
குளிக்கும்போது மட்டும் கழற்றலாம்.
ஒரு பையன் அதைப் பூனைக்குக் கட்டிவிட்டான்.
நாளுக்கு அறுபது நிமிட ஓட்டத்தை
அந்த வகுப்பில் எட்டியது பூனைதான்.

மறுவாரம் செராஸ் அலுவலகத்தில்
ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கோடாகத் திரையில் ஓடியது.
லோஷினியின் மாலைகள் தட்டை.
பள்ளி விட்டால் வேன், வேன் விட்டால் வீடு.
பிளாட்டின் திடலில் இப்போது கார்கள் ஓய்வெடுக்கின்றன.
போதிய அசைவு இல்லை என்ற பெட்டியில்
மென்பொருள் அவளைப் போட்டது.

இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
எல்லாப் பிள்ளைகளும் தூங்குவதாக அதற்கு நம்பிக்கை.
அந்த நேரத்தை வெட்டி எறிந்துவிடும்.
கூட்டல் ஒன்று உதைத்ததால்
எறிந்ததைத் திறந்து பார்த்தேன்.

மூன்று ஐம்பது. ஒரு சிகரம்.
நான்கு இருபது. சிகரம், சிகரம், சிகரம்,
ஆறு மணிவரை மலைத்தொடர்.
ஞாயிறு மட்டும் சமவெளி.

பூனை என்றுதான் முதலில் நினைத்தேன்.

போனை எடுத்த அம்மா பயந்துபோனார்.
"மிசினைக் கெடுத்துட்டாளா?"
இல்லைங்க. விடிகாலையில் அவள் என்ன செய்வாள்?
பின்னால் அண்டா நகரும் சத்தம்.
"பன்னெண்டாவது மாடி. லிப்ட் மனசு வெச்சா ஓடும்.
நான் கட்டக் கட்ட அவ கீழ கொண்டுபோய் அடுக்குவா.
ஒரு தடவைக்கு இருபதுதான் தூக்க முடியும்."
கொஞ்சம் நிறுத்தினார்.
"எடை கூடுதல்னு கடிதாசி வந்துச்சு, டாக்டர்.
நொறுக்குத்தீனிய நிறுத்தச் சொல்லி.
நாங்க அத வாங்கறதே இல்லியே."
நான் டாக்டரும் இல்லை.
அந்தக் கடிதத்தின் மூன்றாம் பத்தியை எழுதியவள்.

ஒரு பிள்ளைதானே, விதிவிலக்கு என்றார்
ஆய்வுத் தலைவர் ஹஸ்லினா.
மற்றவர்களின் இரவுகளை நாம் திறக்கவே இல்லையே என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம்.
பிறகு, முந்நூற்றுப் பன்னிரண்டையும் திற என்றார்.

திறப்பதற்கு முன் ஒரு காரியம் செய்தேன்.
மறுநாள் ஏழே முக்காலுக்கு
அந்தப் பிளாட்டின் கீழே, மடக்கு மேசையில்,
ஐந்து பொட்டலம் மீதி இருந்தது.
ஐந்தையும் வாங்கினேன்.
பங்கேற்பாளரின் உணவில் குறுக்கிடக்கூடாது,
நெறிமுறை, நான்காம் பக்கம்.

மூன்றை அலுவலகத்தில் கொடுத்து, இரண்டை நானே தின்றேன்.
சோறு ஆறியிருந்தது, சம்பல் இனித்தது.
அன்றிரவு அவள் என்ன சாப்பிட்டாள்
என்று கேட்க
என்னிடம் படிவம் இல்லை.